அபா என்ற ஒரு சொல்

ஊர் கூடும் இந்த மனேயாபாவின் தலைமை இடத்தை நிறைத்திருக்கும் பெரியவர் இயோத்தேபா அவர்களே, தத்தம் குடிக்குரிய இடத்தில் வீற்றிருக்கும் மூத்தோரே, பின்வரிசையில் இருந்தபடியே முன்வரிசையை நடத்தும் தாய்மார்களே, அனைவருக்கும் மௌரி.

மண்ணைக் கடல் கொண்டுவிட்டால், மிஞ்சிய மக்களை நாடு என்று அழைக்கலாமா? எனக்கு விடை தெரியாது. நிதி அமைச்சகத்தில் இத்தனை காலம் இருந்தும் தெரியவில்லை. பின்னால் யாரோ, "அப்புறம் எதுக்குச் சம்பளம்?" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பருவநிலை நிதி இதுவரை நம் கைக்கு நேரே வந்ததுண்டா? இல்லை. அயல் நிறுவனம் வாங்கியது, அயல் நிறுவனம் வரைந்தது, அயல் நிறுவனம் கட்டியது. அந்தக் கடல்தடுப்புச் சுவர் இன்று அலைக்கு அப்பால் கிடக்கிறது. இனி நாமே வாங்கி நாமே கட்டும் தகுதி நமக்கு உண்டா என்று சோதிக்கத்தான், நிதி தருவோர் அனுப்பிய இங்கெர் அம்மையார் இங்கே வந்தார். தவறினால், மறுபடியும் அயலார்.

அவர் முதலில் கேட்டார்: நீங்கள் கட்டப்போகும் சுவர் எவ்வளவு நிலத்தைக் காக்கும்? நம் அலுவலகத்துத் தியோத்தி மொழிபெயர்த்தார்: எவ்வளவு அபா? "கோயில்லேர்ந்து பபாய்க் கிழங்குக் குழி வரைக்கும்" என்றார் பெரியவர்.

அடுத்து: எத்தனை மக்களைக் காக்கும்? தியோத்தி மறுபடியும்: எவ்வளவு அபா?

"இப்பத்தானே சொன்னேன், காதுல மணலா?"

என் பக்கத்தில் இருந்த தெரேத்தியா அக்கா விடுவாரா? "ஏம்ப்பா தியோத்தி, சுவா பட்டணத்துல போய்ப் படிச்சது ஒரே மீனை ரெண்டு தடவை விக்கவா?"

சிரிக்கிறீர்கள். அன்று இங்கெர் சிரிக்கவில்லை. சொந்த ஊரின் மக்கள்தொகை தெரியாதவர்களா என்று பேனாவை மூடினார். திருத்த எழுந்த என்னை அக்கா இழுத்து உட்கார வைத்தார். "இரு, குழப்பினவனே அவிழ்க்கட்டும்."

தியோத்தி அவிழ்த்தார். மண்ணும் அபா, மக்களும் அபா, எங்களுக்கு இரண்டு சொல் இல்லை என்றார். எது முதலில் என்று இங்கெர் கேட்டார்.

"எங்களை மட்டும் காப்பாத்தணும்னா விமான டிக்கெட் போதுமே, சுவர் எதுக்கு?" என்றார் பெரியவர்.

"மண்ணை மட்டும் காப்பாத்தினா நண்டுதான் குடியிருக்கும்" என்றார் அக்கா.

அன்பர்களே, நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. அந்தப் பதிலால் நிதி வரும் என்றும் நம்பவில்லை. ஆனால் யாரிடமும் கையேந்தாத குரல் அது. யாரும் எழுதிக் கொடுக்காத குரல் அது. என் குரல், உங்கள் குரல், இந்த அபாவின் குரல் அது. அன்று நிமிர்ந்த என் தலை இன்னும் தாழவில்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கடல் வற்றிய நேரத்தில் இங்கெர் கரையோரம் நடந்தார். சுவருக்காக நாம் வரைந்த கோடு வீடுகளை உள்ளே வைத்து, பபாய்க் குழிகளை வெளியே விட்டிருந்ததைப் பெரியவர் காட்டினார். நம் அலுவலகத்தாரே மாலைக்குள் கோட்டைக் குறித்த முளைகளைப் பிடுங்கி, குழிகளுக்கு அப்பால் அடித்தார்கள். இங்கெர் கடைசி முளை வரை நடந்து பார்த்தார். "இதை நாங்கள் சொல்லாமலே நீங்கள் திருத்தினீர்கள். நிதி நேரே உங்களுக்கு வரப் பரிந்துரைக்கிறேன்" என்றார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. நலமும் அமைதியும் வளமும் இந்தக் கூரையின்கீழ் தங்கட்டும்.