வெல்கம் சாருக்குப் பிறகு மூன்று கட்டம்

— மேல போர்டுல மறுபடியும் இருநூத்திப் பதினாலுதான்யா வந்திருக்கு, ஏசுபாதம். ஒழுங்காத்தான் சுத்தறியா, இல்ல தூங்கி வழியறியா?

— சுரங்கத்துல ஆறாயிரம் அடிக்குக் கீழ, பாறை வெடிச்சு ரெண்டு மணி நேரம் ஆவுது, எனக்குத் தூக்கமா வரும்? கேளுங்க ஜம்புலிங்கம் சார். நான் இங்கருந்து சுத்துனது ரெண்டு, ஒண்ணு, நாலு, ஆறு. மரியகுழந்தை டோக்கன். அதுக்கு முன்னாடி சுத்துனது ரெண்டு, ஒண்ணு, நாலு, மூணு. அது தாமோதரன்.

— அதாவது, ரெண்டு தடவையும் இங்க இருநூத்திப் பதினாலு. கோளாறு உன் டயல்ல.

— டயல்ல ஒண்ணும் இல்ல. ஒரே ஒயருல ஒவ்வொரு எண்ணா மேல வருது, வந்த வரிசையில ஒவ்வொரு கட்டத்துல குந்துது. போர்டுல பதினஞ்சு கட்டம் வச்சேன். இப்ப நம்பருக்கு எத்தினி கட்டம் காலியா கீது, எண்ணிச் சொல்லுங்க.

— மூணு.

— மூணு கட்டத்துல நாலு எண்ணு எப்படி சார் குந்தும்? கடைசி எண்ணு வெளிய வுழுந்துடுது. மிச்சப் பன்னெண்டுல இன்னா கீது?

— 'வெல்கம் சார்'. இங்கிலீஷ்ல, நடு இடைவெளியோட பதினோரு கட்டம். அதுக்கப்புறம் ஒரு கட்டம் சும்மா. மினிஸ்டர் பத்து மணிக்கு வந்து போர்டைத் திறந்து வைக்கிறார், மறந்துட்டியா? அந்த வாசகத்துக்கு நான் மூணு நாள் உழைச்சிருக்கேன்யா.

— ரெண்டு வார்த்தைக்கு மூணு நாளு.

— முதல்ல 'வெல்கம் ஹானரபிள்'னு ஆரம்பிச்சேன். உன் போர்டுல இடம் பத்தல. கட்டத்தை இவ்வளவு கஞ்சத்தனமாவா வைப்பாங்க?

— எங்களுக்கு நாலு போதும் சார். பழைய டெலிபோன் சாமானைப் பொறுக்கியாந்து ஆறு மாசம் நான் இதைக் கட்டுனது, பாறை பர்ஸ்ட் ஆன அன்னிக்கு கேட்டாண்ட நிக்கிற பொம்பளைங்க வாட்ச்மேன் கால்ல வுழக்கூடாதுன்னு. உசுரோட கீறவன் டோக்கன் நம்பரு மேல தெரியணும். அவங்களுக்கு எழுத்து தெரியாது, புருஷன் நம்பரு தெரியும். நேத்து சாயங்காலம் என்னைக் கேக்காம அந்தப் பன்னெண்டையும் பூட்டுனது யாரு?

— வாசகம் கலைஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் பூட்டினேன். சாவி என் பாக்கெட்ல பத்திரமா இருக்கு.

— அத்த எடுத்துத் தொறங்க. எல்லாம் வாணாம். அந்தச் சும்மா கீற ஒரு கட்டம் போதும். நாலு எண்ணும் குந்திடும்.

— அது சும்மா இல்லப்பா, அதுதான் மரியாதை. அந்த இடைவெளி இல்லைன்னா எப்படிப் படிப்பாங்க? வெல்கம் சார் ரெண்டாயிரத்து நூத்து நாப்பத்தாறுன்னு, மினிஸ்டருக்கு ஜெயில் நம்பர் குடுத்த மாதிரி ஆயிடும்.

— மரியாதைக்கு ஒரு கட்டம். மரியகுழந்தை உசுருக்கு இல்ல.

— கோபப்படாதே. நீ முதல் எண்ணை விட்டுட்டு மிச்ச மூணை அனுப்பேன். நூத்து நாப்பத்தாறு.

— அது நைட் ஷிஃப்ட்ல வேற ஒருத்தன் டோக்கன் சார். அவன் வூட்ல கஞ்சி குடிச்சினு இருப்பான், அவன் பொண்டாட்டி இங்க ஓடியாந்து நிப்பா.

— அப்ப கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. கேஜ் லிஃப்ட் வந்தா நீங்களே மேல வரப் போறீங்க.

— கேஜு எறங்குற ஷாஃப்ட்ட செக் பண்ணிட்டுத்தான் வுடுவாங்க. இன்னும் மூணு மணி நேரம். அது வரைக்கும் அவங்க அழுதுகினு நிக்கணுமா? தாமோதரன் பொண்டாட்டி பத்மா அங்க கீறாங்களா?

— யாரோ ஒருத்தி தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கறா. போட்டோ எடுக்கற இடத்துல. அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கேன்.

— அவங்கதான். புருஷன் இங்க என் பக்கத்துல பீடி கேட்டுகினு கீறான். சார், போர்டை வுடுங்க. சன்னல்ல நின்னு மூணு பேரை ஒரு கத்துக் கத்துங்க. தாமோதரன், மரியகுழந்தை, சிரில். மூணு பேரும் உசுரோட கீறாங்கன்னு.

— வாயால சொல்ல ரூல் இல்ல. உனக்கே தெரியும். ஆக்சிடென்ட் ஆச்சுன்னா எந்த ஆபீசரும் பேர் சொல்லக் கூடாது, போர்டு ஒண்ணுதான் பேசணும். சர்க்குலர் எழுதினதே நான்.

— சர்க்குலர் எழுதுன கை, ஆண்டர்சன்பேட்டையில மினிஸ்டருக்கு மாலை வாங்குன கை, சாவி வச்சினு கீற கை. உங்களுக்கு எத்தினி கை சார்? ஒண்ணுல கூட ஒரு பூட்டு தொறக்காதா?

— வார்த்தையை அளந்து பேசு. லைனைக் கட் பண்ணிடுவேன்.

— பண்ணுங்க. மேல வந்ததும் உங்க ரூமாண்டதான் மொதல்ல வருவேன். சிரிலு நம்பரு இப்பப் போவுது. ரெண்டு, ஒண்ணு, நாலு, எட்டு. இன்னா தெரியுது?

— இருநூத்திப் பதினாலு. நீ என்ன கத்தினாலும் ஒரு விஷயம் சொல்றேன் கேட்டுக்கோ. போர்டு வீண் போகல. மத்தவளுங்க எல்லாம் ஒப்பாரி வைக்கறாளுங்க, ஒரு அம்மா மட்டும் புரிஞ்சுக்கிட்டா. மூணு தடவையும் நம்பரைப் பாத்துப் பாத்துக் கும்பிட்டா. மினிஸ்டருக்கு வச்சிருந்த தட்டிலிருந்து சர்க்கரையை அள்ளி எல்லாருக்கும் குடுக்கறா. திட்டலாம்னு போனேன், அவ முகத்தைப் பாத்து எனக்கே மனசு வரல.

— இருநூத்திப் பதினாலா? என் ஷிஃப்ட்ல அப்படி ஒரு டோக்கனே இல்லியே. யாரு அது?

— பேரு கங்கம்மாவாம், வாட்ச்மேன் சொல்றான். மினிஸ்டர் மாலையிலிருந்து ஒரு முழம் பூவைப் பிச்சுத் தலையில வச்சுக்கிட்டா. இப்ப கேஜ் வாசல்ல போய் நிக்கறா, நகர மாட்டேங்கறா. அவ புருஷன் யாருய்யா?

— அது முனுசாமி டோக்கன் சார். போன பங்குனியில பாறை மூடுச்சே, அந்த முனுசாமி. ஒடம்பு மேல வரவே இல்ல. தேடுனது போதும், செவுரு வச்சு அந்த லெவல் பாதையை மூடிடுங்கன்னு கீழ எங்களுக்கு வந்த தாள்ல உங்க கையெழுத்துதான் இருந்துச்சு.