ரெண்டு மடிப்புக் கவரு

மத்ததெல்லாம் எடுங்கண்ணே, இந்த ஓரத்து வரிசைய மட்டும் விட்டுருங்க. கொய்யாக் கன்னுதான வேணும்? அந்தப் பக்கம் இதவிட நல்லா வளந்தது கெடக்கு, வாங்க.

இதுல என்னவா? கவரு வாயப் பாருங்க, வெளிய ரெண்டு மடிப்பு. நாங்கல்லாம் ஒரு மடிப்பு மடிச்சு மண்ணு நெரப்பிருவோம். ரெண்டு மடிச்சா அது மலையம்மாக்கா கவரு. அடேய் எடுபட்ட பயலே, மண்ணப் போட்டு இறுக்காதடா, வேருக்கு மூச்சு முட்டும்! அப்பிடியே அக்கா குரலு. ஹிஹி.

எனக்கு யாரு குரலும் வரும்ணே. பஸ்ஸு கண்டக்டரக் கேளுங்க, வாடிப்பட்டி வாடிப்பட்டி, உள்ள போ உள்ள போ, படியில நிக்காத! ஓனரு சிவனாண்டி மூக்கால பேசுவாரு. நர்சரி செட்டுக்குப் பின்னாடி நின்னு அவரு மாதிரியே, ஏ, அங்க என்னா பேச்சுன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும். டீ குடிக்கிற பொம்பளைக அம்புட்டுப் பேரும் டம்ளர ஒளிச்சுட்டு மண்ணுல கைய விட்ருவாக. நான் சிரிச்சுக்கிட்டு வெளிய வருவேன். அப்பத்தான் நான்னு தெரியும். அக்கா மம்பட்டியோட வெரட்டும்.

அக்கா இப்ப எங்கயா?

ஐப்பசியில மழை பெஞ்சுச்சுல்ல. நனைஞ்ச மண்ணு கவருக்குள்ள இறங்காதுண்ணே, கட்டி கட்டியா நிக்கும். காஞ்ச மண்ணு வேணும்னா செம்மண் பள்ளத்துல இறங்கி, கரைக்கு அடியில கொடஞ்சுதான் அள்ளணும். கரை ஊறிக் கெடக்கு, யாரும் இறங்காதீகன்னு ஓனரே கயிறு கட்டியிருந்தாரு. அக்கா இறங்குச்சு. சரிஞ்சிருச்சு. பொக்லைன் வந்து தோண்டுறதுக்குள்ள... ம்.

ஓனரு சொல்லித்தான் இறங்குச்சுன்னு கேஸு. கூட இருந்த ராக்கம்மா அவரு சத்தத்தக் காதால கேட்டேன்னு சத்தியம் பண்ணுது. நான் கூப்பிடவே இல்லன்னு அவரு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு, யாரு நம்புனா? நேத்து செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவரு சட்டுனு என்னையக் கேக்குறாரு, டேய் தம்பி, நான்தான் கூப்பிட்டுட்டு மறந்துட்டனாடா?

என்னையவும் கேட்டாகண்ணே, ஒஞ்சேட்டையாடான்னு. நான் அன்னைக்கு லீவு. அதோட, என் சேட்டைன்னா நான் சிரிச்சுக்கிட்டு வெளிய வருவேன்ல? யாரும் வரலையேன்னு விட்டுட்டாக.

இப்பல்லாம் வாயத் தொறக்காமலே அக்கா குரலு வருதுண்ணே. இந்த வரிசைக்குத் தண்ணி ஊத்துறப்ப மட்டும். இறுக்காதடா, மூச்சு முட்டும்னு.

அன்னைக்கு லீவுதான். மத்தியானம் சும்மா வந்தேன், செட்டுக்குப் பின்னாடி. அக்கா கயித்தத் தாண்டட்டும், வெளிய வருவோம்னு நின்னேன். தாண்டுச்சு. சிரிப்பு தாங்கல, இன்னும் ரெண்டு கூடை அள்ளட்டும்னு வாயப் பொத்திக்கிட்டேன்.

ஏ மலையம்மா, பள்ளத்துல இறங்கிக் காஞ்ச மண்ணா அள்ளும்மா.

எப்பிடிண்ணே, ஓனரு மாதிரியே இருக்குல்ல?