நாலாம் மாடிப் பனிலிங்கம்

செருப்பைக் கழட்டாதையும் தம்பி. ஓம், போட்டுக்கொண்டே நில்லும். நேற்று வந்த சனமெல்லாம் கோயில் எண்டு நினைச்சு வெறுங்காலோடை ஈர மொட்டைமாடியிலை நிண்டது. இண்டைக்கு அரைவாசிப் பேருக்குத் தடிமன். சிவன் அருளோடை காய்ச்சலையும் சேர்த்துக் கட்டிக் குடுக்கிறார் போலை. இந்தப் படியிலை இரும். மேலை ஆறு பேர் நிக்கினம், அவை இறங்கட்டும்.

ஓம், நான்தான் இந்த வீட்டுக்காரன். வாடகைக்கு இருக்கிறவன்தான், வேறை என்ன. முதல் கண்டது என்ரை மனிசி குகனேஸ்வரி. வியாழன் இரவு பனி கொட்டினதுதானே. வெள்ளி விடிய, மறந்துபோய் விட்ட உடுப்பை எடுக்க மேலை போனவ, அப்பனே எண்டு ஒரு சத்தம். நான் விழுந்திட்டா எண்டு பயந்து ஓடினன். போய்ப் பாத்தால் கைகூப்பிக்கொண்டு நிக்கிறா.

என்னத்தைச் சொல்ல. மூண்டாம் மாடி இத்தாலிக்காரி கொன்செத்தா ஒரு பூச்சாடியைக் கவிட்டு வைச்சிருந்தவ, கீழை தட்டோடை. அதுக்கு மேலை பனி விழுந்தால் என்ன உருவம் வரும்? லிங்கம் மாதிரித்தான் வரும். சட்டியைக் கவிட்டு வைச்சிருந்தால் இட்டலி மாதிரி வந்திருக்கும். எங்கடை ஆக்கள் அதையும் கும்பிட்டிருப்பினம்.

இந்தப் பலெர்மோவும் பெரிய ஊர்! ஒரு சாண் பனி இல்லை, அதுக்குப் பஸ் நிண்டுபோச்சு, பள்ளிக்கூடம் பூட்டு. நான் வேலை செய்யிற லிபெர்த்தாத் தெரு வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, ரெலிபோன் எடுத்து, வராதை, வழியிலை செத்துப்போவாய் எண்டு அழுகிறா. ஷெல்லடிக்குள்ளை கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்தவனுக்கு, தெருவிலை கிடக்கிற வெள்ளை மாவுக்குப் பயம் காட்டுறா. றோட்டிலை பாத்தால் வளந்த ஆம்பிளையள் காருக்கு மேலை கிடந்ததை வழிச்சு எடுத்து ஆளுக்காள் எறிஞ்சு விளையாடுகினம்.

சரி, இவைக்குப் பனி புதிசு. எங்கடை ஆக்களுக்கு என்ன வந்தது? சோதிலிங்கம் எண்டு ஒருத்தர், ஸ்தாசியோனே சென்ட்ராலே, அந்தப் பெரிய றெயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை கடை வைச்சிருக்கிறவர், கோயில் சபைத் தலைவர். மனிசி ரெலிபோனிலை சொல்லி அரை மணித்தியாலம் இல்லை, வந்து நிண்டார். சுத்திவரப் பாத்தார். சுயம்பு எண்டார். அவர் சொன்னால் பிறகு பேச்சில்லை. படம் எடுத்துப் போட்டார், மத்தியானம் இந்தப் படி கொள்ளாத சனம்.

கனடாவிலை இருக்கிற என்ரை மச்சாள் வீடியோ கோல் எடுத்து, லிங்கத்தைக் காட்டுங்கோ அத்தான் எண்டு நிக்கிறா. அவவுக்குப் பின்னாலை யன்னலுக்கை தெரியுது, இடுப்பளவு பனி. அதுக்கை மருமோன் மண்வெட்டியோடை நிண்டு முறியிறான். வாசல்லை கிடக்கிறதைக் குப்பை மாதிரித் தள்ளுகினம், பலெர்மோப் பனியைப் பாத்துக் கன்னத்திலை போடுகினம். கொன்செத்தாவும் குறைஞ்சவ இல்லை. கண்டது எத்தினை மணிக்கு, படி எத்தினை எண்டு என்னட்டைக் கேட்டுக்கொண்டு போய் லொத்தோச் சீட்டிலை நம்பராப் போட்டிட்டா.

இல்லைத் தம்பி, கொளுத்தேலாது. மெழுகுதிரியைச் சும்மா வைச்சுக் கும்பிடும். பனிக்கு முன்னாலை நெருப்பு வைக்கிறது என்ன கும்பிடு? நேற்று ஒருத்தர் கற்பூரத்தட்டோடை வாறார், இன்னொரு மனிசி பிளாஸ்க்கிலை சுடச்சுடப் பால். அபிசேகமாம். நான் குறுக்கை விழாட்டில் நேற்றே சிவன் தண்ணி போற ஓட்டைக்குள்ளாலை கீழை போயிருப்பார். அதுக்கு எனக்கு நாத்திகன் எண்டு பேர் வைச்சுப்போட்டினம்.

கும்பிடாதவன் ஏன் காவல் இருக்கிறாய் எண்டு கேக்கிறீர். எல்லாரும் கேக்கினம்.

என்ரை மனிசிக்கு இருதயத்திலை ஒரு வால்வு பழுது. ரெண்டு தரம் ஒப்பரேசனுக்கு நாள் தந்தவை, ரெண்டு தரமும் மாட்டன் எண்டிட்டா. அவவின்ரை தமக்கை கொழும்பிலை ஒப்பரேசன் மேசைக்குப் போய்த் திரும்பி வரேல்லை, அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. நான் கத்தினன், சாப்பிடாமல் கிடந்தன், இவையின்ரை சாந்தா றொசாலியா கோயில் மலைக்கும் நடந்து போய்வந்தன், ஓம், நம்பிக்கை இல்லாமல்தான் போனன். அசையேல்லை. டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டு, இந்த முறையும் விட்டால் வாற கோடையைப் பாக்க மாட்டா எண்டிட்டார். மூண்டாவது தரம் தந்த நாள் நாளைக்கு. திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை அதைக் கண்ட இடத்திலை நிண்டு நேத்தி வைச்சிட்டா. திங்கள் விடியமட்டும் இது கரையாமல் நிண்டால் நான் போறன், கரைஞ்சால் அவர் வேண்டாம் எண்டிட்டார், பிறகு என்னை நீங்கள் கேக்கக் கூடாது. எப்பிடி இருக்கு? உயிரைக் கொண்டுபோய்ப் பூச்சாடிக்கு மேலை வைச்சிருக்கிறா. அதுவும் ஆப்பிரிக்காவிலை இருந்து காத்தடிக்கிற ஊரிலை.

ஓம், நீர் சொல்லுறது சரி. தெருவிலை ஒரு பொட்டுப் பனி இல்லை. நேற்று மத்தியானமே நல்ல வெயில், கபோச் சந்தையிலை கையில்லாத சேட்டோடை நிண்டு தோடம்பழம் விக்கிறாங்கள். மேலை மாத்திரம் நிக்குது. தண்ணித்தாங்கியின்ரை நிழல் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறன். சோதிலிங்கம் நிழலாம் எண்டு சிரிக்கிறார். இண்டைக்குக் காலமை வந்து விரலாலை அளந்தவர், நேற்றையவிட ஒரு விரல்கடை வளந்திருக்காம். சொல்லி முடிக்கேல்லை, கீழை ரெண்டு பேர் அரோகரா.

நீர் எந்தப் பக்கம், மன்னாரோ? கழுத்திலை சிலுவையைக் கண்டனான், அதுதான். வேதக்காரர் எண்டால் எங்கடை கோயில் சபையோடை உமக்குக் கதை பேச்சு இல்லை, என்ன? நான் ஆக்களோடை கனக்கக் கதைக்கிறவன் இல்லைத் தம்பி. மூண்டு நாளா இந்தப் படியிலை இருந்து வாய் புளிச்சுப்போச்சு. உமக்குச் சொன்னால் உம்மோடை போகும்.

நிழலுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. வெள்ளி பின்னேரமே ஒரு பக்கம் இறங்கத் துவங்கிட்டுது. நான் பிரிட்ஜின்ரை மேல் தட்டைத் துப்பரவாக்கினன். கிடந்த மீனெல்லாத்தையும் கொன்செத்தாவுக்குக் குடுத்தாச்சு, அவ லொத்தோ விழுந்த மாதிரிக் கட்டிப்பிடிச்சா. ரெண்டு சோத்துச் சட்டியிலை தண்ணி நிரப்பி வைச்சன். ஐஸ் வந்தது, ஆனால் கண்ணாடி மாதிரி, பாத்த உடனை பிடிபட்டிடும். யோசிச்சுப்போட்டுத் திருவலையிலை இருந்து, தேங்காய் திருவுற மாதிரித் திருவினன். பூப்பூவா விழுந்தது. கை விறைச்சுப்போச்சு, பாரும், இன்னும் சிவப்பு மாறேல்லை. மனிசி குளிக்கப் போற நேரம் பாத்து வாளியிலை கொண்டுபோய் அப்பிவிட்டன். பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான். இந்தக் கையாலை ஒரு நாள் பூ வைச்சுக் கும்பிட்டவன் இல்லை, மூண்டு நாளாச் சிவனைத் திருவிக்கொண்டிருக்கிறன்.

சிரியும், சிரியும். எனக்கும் சிரிப்பு வந்தது, சோதிலிங்கம் வளந்திருக்கு எண்டு சொல்லுமட்டும். அதுக்குப் பிறகுதான் யோசிச்சன். நான் கரைஞ்ச அளவுக்குத்தான் வைக்கிறனான். கூட வைச்சால் பிடிபட்டிடும் எண்ட பயம். வளர நியாயமில்லை.

வீட்டை போய்ப் பிரிட்ஜைத் திறந்தன். என்ரை ரெண்டு சட்டியும் கிடக்கு. அதுக்குப் பின்னாலை ஒரு சில்வர் கிண்ணம், பாயசம் பரிமாறுறது. நிறையத் தண்ணி, மேலாலை மெல்லிசா ஆடை மாதிரி உறைஞ்சு கிடக்கு. நான் வைக்கேல்லை. திருவலையைக் காலமை துடைச்சு வைச்சனான், அதுவும் நனைஞ்சிருந்தது.

பிள்ளையள் இல்லைத் தம்பி. வீட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான்.

கிண்ணத்தை இருந்த இடத்திலையே விட்டன். கதவைச் சாத்திப்போட்டு இஞ்சை வந்து இருந்திட்டன்.

இந்தா, அவை இறங்கினம். நீர் போம். மேலை தாங்கிக்குப் பக்கத்திலை கம்பளிச் சால்வையோடை கதிரையிலை இருக்கிறதுதான் மனிசி. தூர நிண்டு கும்பிட்டுப்போட்டு வாரும், கிட்டப் போகாதையும். மூச்சுச் சூடு பட்டிடும் எண்டு என்னையே ஏசுறா.