முத்திருளாயி பிடுங்கின கம்பு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கீரனேந்தல்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இருந்துச்சாம் என்ன, இப்பவும் இருக்கு. எம்புட்டுக் காலத்துக்கு முந்தின்னு கேக்காதீங்க. கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிரும்.

அந்த ஊருல ஒரு கண்மாய். கண்மாய்க் கரைக்குக் கீழ பள்ளத்துல கொஞ்சம் வீடு. மேட்டுல சாவடி. சாவடியில என்ன? பெருசுங்க. வேற என்ன இருக்கும்.

காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பேச்சாம். ஒருத்தர் புலியை வெரட்டினாராம். ஒருத்தர் திருடனைப் பிடிச்சு மரத்துல கட்டினாராம். புலி வருசா வருசம் வளந்துக்கிட்டே போச்சாம். கூட இருந்து பாத்த ஆளுக யாரும் உயிரோட இல்ல. அது ஒரு வசதி.

பேசிட்டுப் போகட்டும், நமக்கென்ன. ஆனா அந்த ஊருக்கு ஒரு முறை இருந்துச்சாம். ஊர்க்காரியம் எதுன்னாலும் பெருசுங்க வாக்குக் குடுக்கணும். வாக்குக் குடுக்கிறதுக்கு முந்தி, ஒவ்வொருத்தரும் தன் வாழ்க்கையில கண்டதைச் சொல்லணும். ஊர்க்கம்பைக் கையில பிடிச்சவருதான் பேசலாம். கம்பு எங்கயோ கூட்டம் அங்க. நடுவுல யாராச்சும் குறுக்க பேசினா, பேசுறவரு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாராம். இப்படி ஒரு முறையை எவன் கண்டுபிடிச்சான்னு தெரியல. வேலவெட்டி இல்லாதவனாத்தான் இருப்பான்.

ஒரு ஐப்பசி. மழைன்னா மழை, விடாத மழையாம். கண்மாய் நெறஞ்சு போச்சு. கலிங்குன்னு ஒண்ணு உண்டுல்ல, மிச்சத் தண்ணி வெளிய போற எடம், அது மேல வரிசையாக் கல்லு நட்டிருக்கும். கூடக் கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்னு கல்லுக்கு எடையில வைக்கலும் களிமண்ணும் வச்சு அடைச்சிருந்தாங்களாம். அடைப்பைப் பிரிச்சா தண்ணி போகும். பிரிக்கலைன்னா கரை போகும். அம்புட்டுத்தான் விசயம்.

பள்ளத்து வீட்டுல முத்திருளாயின்னு ஒருத்தி. எங்க வம்சத்துக்கு மூத்தவ. அவ மக சிட்டு முந்தின நாள்தான் பிள்ளை பெத்திருந்தாளாம். எந்திரிக்க முடியாமக் கெடந்தா. தூக்கினா உயிரு தங்காதுன்னு மருத்துவச்சி சொல்லிட்டாளாம். கரைத் தண்ணி அடுப்படியில ஊறி வர்றதைப் பாத்துட்டு, முத்திருளாயி சாவடிக்கு ஓடினாளாம்.

"அம்பலம், கலிங்கைப் பிரிக்கச் சொல்லுங்க. கரை கசியுது. எம்மக எந்திரிக்க முடியாமக் கெடக்கா."

ஊருக்குத் தலைவரு நல்லாண்டி அம்பலம். அவரு கம்பைக் கையில எடுத்தாராம். தொண்டையைச் செருமினாராம்.

"ஏத்தா, நான் பாக்காத கசிவா? அந்தக் காலத்துல ஒரு மழை பேஞ்சுச்சு பாரு. அப்ப எனக்கு மீசை மொளைக்கல. கரையில ஒடைப்பு. எல்லாப் பயலும் ஓடிட்டான். நான் என்ன செஞ்சேன்? என் முதுகைக் குடுத்து ஒடைப்பை அடைச்சேன்..."

"அம்பலம், நேரமில்ல..."

"குறுக்க பேசிட்டா"ன்னாராம், பக்கத்துல உக்காந்திருந்த அடைக்கலம்.

"ஆமா, பேசிட்டா"ன்னு அம்பலம் மறுபடி செருமினாராம். "அந்தக் காலத்துல ஒரு மழை பேஞ்சுச்சு பாரு..."

முத்திருளாயி வாயைப் பொத்திக்கிட்டு நின்னாளாம். முதுகு வந்துச்சாம். முதுகுல மீன் கடிச்சது வந்துச்சாம். ராசா ஆளனுப்பி வேட்டி குடுத்தது வந்துச்சாம். ஒருவழியா கம்பு அடைக்கலம் கைக்குப் போச்சாம்.

"அவரு முதுகுதான் குடுத்தாரு. நான் எங்க இருந்தேன் தெரியுமா? அவரு முதுகுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அந்தக் காலத்துல..."

"எது, நீயா? அப்ப நீ தொட்டில்ல கெடந்த!"

"குறுக்க பேசிட்டாரு! நான் முதல்லேருந்து சொல்லணும்!"

வெளிய மழை. பள்ளத்துல சிட்டு. இங்க யாரு முதுகு பெருசுன்னு ரெண்டு கெழவனுக்கும் சண்டை.

வாசல்ல இளவட்டங்க மம்பட்டியோட நின்னானுங்களாம். "நீங்களாச்சும் வாங்கடா"ன்னு முத்திருளாயி கூப்பிட்டாளாம். "பெருசுங்க வாக்கு வரட்டும் அத்தே"ன்னானுங்களாம். இவனுங்களும் நாளைக்குச் சாவடியில உக்கார வேண்டியவனுங்கதான.

அவ திரும்பி உள்ள போனாளாம். அடைக்கலம் கையிலேருந்து கம்பைப் பிடுங்கினாளாம். பிடுங்கிக்கிட்டு ஓட்டம்.

"ஏய்! கம்பு! கம்பு போகுது!"

சாவடியே எந்திரிச்சுச்சாம். முட்டிவலி எங்க போச்சு, இடுப்பு வலி எங்க போச்சுன்னு தெரியல. சாகக் கெடக்கிறவளுக்கு எந்திரிக்காத காலு, கம்புக்கு ஓடுச்சாம்.

முத்திருளாயி கலிங்குப் பக்கம் கண்மாய்க்குள்ள எறங்கினாளாம். இடுப்பளவு தண்ணியில கம்பை ஊனினாளாம்.

"கம்பு இங்க. கூட்டம் இங்க. வந்து சொல்லுங்க, யாரு முதுகுன்னு."

"கம்பைக் கொண்டா கழுதை!"ன்னு அம்பலம் கரையில நின்னு கத்தினாராம்.

"எறங்கிப் பிடிச்சுப் பேசுங்க அம்பலம். முறை தெரியாதா?"

ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. எறங்காம முடியுமா? முழங்கால் வரைக்கும் வந்தாராம். தொடை வரைக்கும் வந்தாராம். கம்பைப் பிடிச்சாராம்.

"அந்தக் காலத்துல..."

காலுக்கடியில மண்ணு நழுவுச்சாம். கரையிலேருந்து ஒரு பெரிய கட்டி பெயர்ந்து, பொத்துனு பக்கத்துல விழுந்துச்சாம்.

"ம், சொல்லுங்க. யாரும் குறுக்க பேசல. முதுகைக் குடுக்கிறதுன்னா இப்பக் குடுங்க."

அம்பலம் கரையைத் திரும்பிப் பாத்தாராம். அப்புறம், "பிரிங்கடா!"ன்னாராம். அவரு ஆயுசுல பேசினதுலயே சின்னப் பேச்சு அதுதான்.

பயலுக பிரிச்சானுங்க. தண்ணி போச்சு. கரை நின்னுச்சு. சிட்டு பொழைச்சா, பிள்ளை பொழைச்சுச்சு. அந்தப் பிள்ளை வழிதான் நாங்க.

இதோட முடிஞ்சிருந்தா மரியாதை. முடியல. தை பொறக்கிறதுக்குள்ள சாவடியில புதுக் கதை ஓடுச்சாம். "தண்ணியில எறங்கிக் கம்பை ஊனிப் பிரிங்கடான்னேன், பொம்பளைக அழுதுக்கிட்டு நின்னாளுக"ன்னு அம்பலம். "அவருக்கு முந்தி நான் எறங்கிட்டேன்"னு அடைக்கலம்.

முத்திருளாயி பேரனை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து நின்னு கேட்டாளாம். கேட்டுட்டுச் சொன்னாளாம்: "கம்பை நான் இன்னும் எடுக்கல. அங்கயேதான் நிக்குது. கம்பு இல்லாம இங்க எப்படிப் பேசுறீங்க? வாங்க, எறங்கின எடத்துல எறங்கிச் சொல்லுங்க. இவனும் கேக்கட்டும்."

"தண்ணி சில்லுன்னு இருக்கும்த்தா"ன்னாராம் அம்பலம். கம்பைப் போயி எடுத்துட்டு வரவும் ஒருத்தருக்கும் தெம்பு இல்ல.

அதனால கூட்டம் அங்கயே போச்சு. கம்பு மக்கிப் போனதும் அந்த எடத்துல கல்லு நட்டாங்க. அதுக்குக் கம்புக்கல்லுன்னு பேரு. இன்னிக்கும் கீரனேந்தல்ல ஊர்க்கூட்டம்னா கம்புக்கல்லுக்கிட்டத் தண்ணியில நின்னுதான் பேசணும். "அந்தக் காலத்துல"ன்னு யாரு ஆரம்பிச்சாலும் சரி, ஒரு அடி உள்ள தள்ளிப் போயிதான் மிச்சத்தைச் சொல்லணும்.

இதுவரைக்கும் எங்க ஊருல இடுப்புக்கு மேல நனைஞ்ச பெருசு ஒண்ணும் கெடையாது.