குதிரைக்கும் ஆளுக்கும் பொருத்தம்

டேல் கடையில் ஏ.சி. நன்றாக வேலை செய்யும். டெக்சாஸ் வெயிலுக்கு அது பெரிய விஷயம். நான் அங்கே போக ஆரம்பித்ததே அதற்காகத்தான். போனில் மொழிபெயர்க்கிற கபிலாஷ் தம்பி, எதிரே உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரரிடம் இதையும் சொல்லிவிடுங்கள். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

என் மகள் வெண்பா வேலை முடிந்ததும் நேரே லாயத்துக்குப் போய்க் குதிரை ஏறுவாள். இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவாள். அதுவரை நான் ஒருத்திதான். "ஏம்மா சும்மா டிவி பாத்துட்டு? டேல் அங்கிள் கடைல ரெக்கார்ட்ஸ் எழுதிக்குடேன். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது" என்றாள்.

டேல் சேணம் செய்பவர். குதிரையின் முதுகை அளந்து அவர் சொல்வார், நான் அட்டையில் எழுதுவேன். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சேணம் தைப்பார். பொள்ளாச்சி பத்திர ஆபீசில் எழுதிய கை என்னுடையது, அடித்தல் திருத்தல் இருக்காது.

அட்டையில் குதிரை பிறந்த தேதி இருந்தது, நேரம் இல்லை. குதிரைக்காரர்களிடம் கேட்டேன், ஆசையாகச் சொன்னார்கள். அவர்கள் பிறந்த நேரத்தையும் கேட்டேன். "புஷ்பா, கஸ்டமர்ஸ் லவ் யூ" என்றார் டேல்.

கையில் பஞ்சாங்கம் இருக்கிறது. பொருத்தம் பார்க்காமல் எப்படி இருப்பது? சுமப்பது குதிரை, ஆகவே அதைப் பெண் இடத்தில் வைத்தேன். குடும்பம் நடத்தியவளுக்கு இதில் சந்தேகம் வராது. சில ஜோடிகளுக்கு ரஜ்ஜுவே இடித்தது.

"அம்மா, ரஜ்ஜுவை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுறது?"

கயிறு என்று சொல்லுங்கள் தம்பி. குதிரைக்காரர்களுக்குக் கயிறு புரியும்.

வாயால் சொன்னால் கேட்கிறவர்கள் இல்லை. அதனால் டேல் ஆறே முக்கால் என்றால் ஆறேகால் என்று எழுதினேன். அரை அங்குலம்தான். சேணம் குதிரையின் தோளை இறுக்கும். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அது ஆளை உதறும். ஆள் பயந்துபோய்க் குதிரையை விற்றுவிடுவார். விவாகரத்து மாதிரிதான், வக்கீல் செலவில்லை.

ஸ்கூல் பஸ் ஓட்டும் அம்மாவுக்கு மணிக்கட்டு. சர்ச்சில் பியானோ வாசிப்பவருக்கு இடுப்பு. கால்நடை டாக்டருக்கு முன்பற்கள். உயிர் ஒன்றும் போகவில்லை, அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டேல்தான் உடைந்துபோனார். டேப்பைக் கண்ணருகே கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப அளந்தார். "ஐ மெஷர்ட் இட் ரைட், புஷ்பா" என்று புலம்பினார். பாவமாக இருந்தது. கண் டாக்டரிடம் நான்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்தேன். இப்போது கடையை மூடப் போகிறாராம். அவர் மேல் கேஸ் போட்டது நியாயமில்லை, அளவில் அவர் தப்பே செய்ததில்லை.

தப்பு ஒன்று என்னிடம் இருந்தது. என் அக்கா மகன் கதிர் கோயமுத்தூரில் ஜோசியம் பார்க்கிறான். பெருமையாகப் போனில் சொன்னேன். "அமெரிக்கால பொறந்ததுக்கு நம்மூர் நேரத்துக்கு மாத்திட்டுத்தானுங்களே பாத்தீங்க சித்தி?" என்றான். நான் மாற்றவில்லை. பஞ்சாங்கம் நம்மூர் நேரத்துக்குப் போட்டது. பாதிக் குதிரைகளுக்கு நட்சத்திரமே வேறு.

உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். விழுந்த மூவருக்கும் அருமையான பொருத்தம். அப்படியிருக்க அவர்கள் விழுந்தார்கள் என்றால், அது அவரவர் கவனக்குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

வெண்பாவின் குதிரைதான் இடித்தது. ரோகிணி என்று நிம்மதியாக இருந்தேன், மிருகசீரிஷம் என்று வந்துவிட்டது. வெண்பா சித்திரை. இரண்டும் தலை ரஜ்ஜு, ஏறுகிற ஆளின் உயிருக்கே ஆகாது. நல்லவேளை, அவளுடைய புதுச் சேணத்துக்கான அட்டை அப்போது என் மேஜையிலேயே இருந்தது. பெற்ற பிள்ளை என்பதால் முக்கால் அங்குலம் குறைத்தேன்.

டேல் கடைசியாகச் செய்த சேணம் அது. போன வாரம் அதைக் கட்டிப்பிடித்து வாங்கிக்கொண்டு வந்தாள். இன்றைக்கும் சாயங்காலம் "வரேம்மா, சாப்பிட்டுத் தூங்கு" என்று லாயத்திலிருந்து போன் பண்ணினாள்.

ஐயா ஏன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்? அவசரமில்லை என்று சொல்லுங்கள் தம்பி. கையோ காலோதான் போகும். இரண்டு மாதமாவது வீட்டில் என்னோடு இருப்பாள்.