மாப்பிள்ளை விட்டுட்டுப் போன உப்புத்தண்ணி

இருங்க மாப்பிள்ளை, அந்தக் குழாயை இப்பவே புடுங்காதீங்க. எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்கேன், ஒண்ணை எடுத்தா மொத்தமும் நின்னுடும். வேன்காரரைக் கீழ ஒரு டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க. நீங்க இப்படி உக்காருங்க. மாப்பிள்ளைன்னு கூப்பிடலாம்ல? கையெழுத்து போட்டு விலகினது நீங்களும் என் பொண்ணும்தானே. என் நாக்குக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பல.

அவ வேலைக்குப் போயிட்டா. நல்லா இருக்கா. மீனைப் பத்திரமா அனுப்புங்கப்பான்னு சொல்லிட்டுத்தான் போனா. நீங்களும் நல்லாத்தான் இருக்கீங்க, என்ன, கொஞ்சம் இளைச்சிருக்கீங்க. சரி, அந்தப் பேச்சு எதுக்கு, தொட்டியைப் பாருங்க.

ரெண்டு வாரம் மட்டும் பாத்துக்கங்க மாமா, போற வீட்ல இடம் இல்லைன்னீங்க. நான் என்ன சொன்னேன்? முப்பத்திரண்டு வருஷம் தண்ணி சுத்திகரிக்கிற நிலையத்துல இருந்தவன், பாதி ஊரு நான் வடிகட்டின தண்ணியைத்தான் குடிச்சுது, இந்த நாலடி உப்புத்தண்ணித் தொட்டி எம்மாத்திரம்னு மாரைத் தட்டிக்கிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. எனக்கு மூணாவது நாளே சறுக்கிடுச்சு.

போன்ல உங்ககிட்ட சொன்னது பாதிதான். வடிகட்டியைத் திறந்தேனா, உள்ள பஞ்சும் பீங்கான் துண்டும் ஒரே சேறு. எனக்குத்தான் அழுக்கைக் கண்டா கை அரிக்குமே. எல்லாத்தையும் குழாயடியில போட்டுப் பளபளன்னு கழுவி வச்சேன். உங்க அத்தைகூட, ஒரு நாளாவது நம்ம பாத்திரத்தை இப்படித் தேய்ச்சிருப்பீங்களான்னு கேட்டா. மறுநாள் பாத்தா, தண்ணி சுண்ணாம்பு கரைச்ச மாதிரி நிக்குது. மேனேஜர் தரையில ஒருக்களிச்சுக் கிடக்காரு.

மேனேஜரா? அதான், ஆரஞ்சு மீன்ல பெருசு. வேலை ஒண்ணும் கிடையாது, யாரு உள்ள வந்தாலும் கண்ணாடிக்கு முன்னாடி வந்து நின்னு முறைக்கிறதுதான். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அச்சு அசல் இப்படியே இருந்தாரு.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க ஒரு வார்த்தை திட்டல. அது அழுக்கு இல்ல மாமா, அதுலதான் நல்ல கிருமி குடியிருக்கு, மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துறதே அதுதான், குழாய்த்தண்ணி குளோரின்ல எல்லாம் செத்துப்போச்சுன்னீங்க. எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னே தெரியல. காலம் பூரா கிருமியைக் கொல்றதுக்குச் சம்பளம் வாங்கினவனைக் கூப்பிட்டு, இந்த வயசுல கிருமி வளர்க்கச் சொன்னா?

அப்புறம் ரோஷம் வந்துடுச்சு. கடைக்காரர் சொன்னாருன்னு நுரை பிரிக்கிற மெஷின் ஒண்ணை வாங்கி மாட்டினேன். அதுவும் பழைய வடிகட்டியும் ஒரே மூலையில நின்னு இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சுங்க. ஒரு அடுப்புல ரெண்டு சமையல்காரங்க நின்ன கதைதான். எதிர்ப்பக்க மூலையில தண்ணி அசையவே இல்ல. ஒரு நாள் உக்காந்து யோசிச்சேன். எங்க நிலையத்துல எதுக்கப்புறம் எதுன்னு ஒரு வரிசை இருக்குமே, அதை இங்க ஏன் வைக்கக் கூடாது?

கொஞ்சம் குனிஞ்சு அலமாரிக்குள்ள பாருங்க. பழைய கண்ணாடித் தொட்டி ஒண்ணைத் தடுத்து அறை அறையா ஆக்கியிருக்கேன். மேல இருந்து வழியிற தண்ணி முதல்ல இந்தத் துணிப்பையில விழும், கண்ணுக்குத் தெரியிற குப்பையெல்லாம் இங்கயே நின்னுடும். அடுத்தது நுரை மெஷின், கரைஞ்சு போன கழிவை நுரையாக்கி மேல தள்ளிடும். ஐயோ, அந்தக் கோப்பையை மோந்து பாக்காதீங்க! உங்க அத்தை மோந்துட்டு அன்னிக்கு மத்தியானம் சாப்பிடவே இல்ல. அதைத் தாண்டினா கல்லும் பீங்கானும், நம்ம கிருமிங்க குடித்தனம் பண்ற இடம். கடைசியா ஒரு பை கரி. அப்புறம் மோட்டார் மேல ஏத்திடும்.

சும்மா வந்துடல மாப்பிள்ளை. மாட்டின அன்னிக்கே கரண்ட் போச்சு. மோட்டார் நின்னதும், மேல போன குழாய் வழியாவே தண்ணி திரும்ப இறங்கி, ஹால் குளமாயிடுச்சு. மீனையும் இறக்கி விட்டுடுங்க, வீடு பூரா சுத்தி வரட்டும்னா உங்க அத்தை. அப்புறம் குழாய்ல மேல ஒரு சின்ன ஓட்டை போட்டேன். தண்ணி கொஞ்சம் இறங்கினதும் அது வழியாக் காத்து புகுந்துக்கும், அதோட நின்னுடும். எல்லாம் பட்டுத்தான் தெரியுது.

ஹாரன் அடிக்கிறாரா? அடிக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன், கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டு வாரம் ஏழு மாசமாச்சுல்ல? ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணி, மீன் கழிவோட விஷம் தண்ணியில எவ்வளவு நிக்குது, அமோனியா எவ்வளவு மாமான்னு கேப்பீங்க. நானும் அரை, காலுன்னு சொல்லி, இன்னும் தண்ணி செட்டாகல, இப்ப நகர்த்தினா மீன் தாங்காதும்பேன். அது அஞ்சாவது வாரமே சைபர் ஆயிடுச்சு மாப்பிள்ளை. அப்புறம் சொன்னதெல்லாம் நானா விட்ட நம்பரு. செட்டாயிடுச்சுன்னா நீங்க எடுத்துட்டுப் போயிடுவீங்க, அப்புறம் என்னத்தைச் சொல்லிப் பேசிக்கிறது? போன வாரம் பொண்ணு அந்த டெஸ்ட் குப்பியைப் பாத்துட்டு, மஞ்சளாத்தானேப்பா இருக்கு, மஞ்சள்னா சைபர்தானே, ஏன் பொய் சொல்றீங்கன்னு கேட்டுட்டா. அதான் உங்களை வரச் சொன்னேன்.

என்னது? தெரியுமா? எப்பலேருந்து?

அமோனியா நிஜமாவே அரையில நின்னிருந்தா இத்தனை மாசம் மீன் உயிரோட இருந்திருக்காதுன்னா... அட, அதை நான் யோசிக்கவே இல்லையே. அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் வாரா வாரம் கேட்டீங்களா?

சரி, சரி. வாளியை இப்படி வைங்க. மேனேஜரை நான்தான் பிடிப்பேன், உங்க கைக்குச் சிக்க மாட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை நானே போன் பண்றேன். அமோனியா எவ்வளவுன்னு கேப்பேன். காலு, அரைன்னு நீங்களும் ஏதாவது சொல்லி வைங்க.