பனைமட்டை ஊன்றாத இடம்

பங்குனி பிறந்தால் உள்ளான் குருவிகளுக்கு நெஞ்சு சிவக்க ஆரம்பிக்கும், அய்யா. மழைக்காலத்தில் சாம்பல் நிறத்தில் வந்து இறங்கியவை, வடக்கே திரும்பும்போது செங்கல் நிறத்தில் போகும். அதைப் பார்க்கத்தான் நாங்கள் காலையில் உப்பளத்துப் பக்கம் போவோம். எதைப் பார்த்தாலும் வாட்ஸப் குழுவில் போடுவோம். வேறு கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது.

என் பேர் தங்கப்பாண்டி. மாப்பிள்ளையூரணியில் இரும்புச் சாமான் கடை. அதற்கு முன்னால் அப்பா அம்மாவோடு உப்பு சுமந்தவன். தலைச்சுமையிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து கண்ணில் இறங்கும். துடைக்கக் கை இருக்காது. அந்தக் கண்ணை இடுக்கிக்கொண்டு நான் பார்த்ததெல்லாம் குருவிகளைத்தான். கடை வைத்த பிறகு பைனாகுலர் வாங்கினேன். குழுவை ஆரம்பித்தவனே நான்தான். அனுசியா டீச்சர் அட்மின் ஆனது பிறகு. நான் பார்த்தேன் என்று போட்டால், பார்த்ததுதான். என்னை ஆளாக மதித்த இடம் அது ஒன்றுதான்.

கிளாட்வின் வந்து அது மாறியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். முழங்கை நீளத்துக்குக் கேமரா வைத்திருந்தான். அவன் படம் போட ஆரம்பித்ததும், எல்லாரிடமும் படம் கேட்க ஆரம்பித்தார்கள். நல்ல பையன். எங்கே கிளம்பினாலும் "அண்ணாச்சி, வாங்க" என்று முதலில் என்னைத்தான் கூப்பிடுவான்.

மாசி பிறந்த புதிதில், கைவிட்ட பழைய உப்பளத்தில் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்ததாகப் போட்டேன். மூக்கு நுனி கரண்டி மாதிரி விரிந்திருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் யாரும் பார்த்தது கிடையாது.

ஐஸ் கம்பெனி முத்துமணி குரல் பதிவு அனுப்பினான். "ஏலே, அண்ணாச்சி கடையில தொங்குத கொத்தனார் கரண்டியப் பார்த்திருப்பாவ." குழு முழுக்கச் சிரித்தது. "படம் இல்லாமப் பதிவுல சேர்க்க முடியாது அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க" என்றார் டீச்சர். நான் தப்பாக நினைக்கவில்லை.

கிளாட்வின் மட்டும் கடைக்கு வந்தான். ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் காலையில நீங்க நாசரேத்துல கல்யாண வீட்டுல இருந்தீங்க. பந்தியில எனக்கு எதிர் வரிசை. என்னய நீங்க கவனிக்கல. நான் யார்ட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நாம ரெண்டு பேருமாப் போயித் தேடுவோம். கிடைச்சா ஒங்க பேர்லயே படத்தப் போட்டுருவோம்."

நாளைத் தப்பாகப் போட்டிருப்பேன். அவ்வளவுதான். ஆனால் அவன் முகத்தில் கேலி இல்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டான். உப்பு சுமந்த காலத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்தது கிடையாது.

பழைய அளத்தில் உப்பு சிமெண்டுத் தரை மாதிரிப் பாளம் கட்டிக் கிடக்கும். சில இடங்களில் அடியில் பழைய ஓடை, ஆளை இழுக்கிற சேறு. அந்த இடத்து ஓரத்தில் பனைமட்டையை ஊன்றி வைப்பது எங்கள் வழக்கம். சுமைக்காரப் பெண்கள் தெரியாமல் கால் வைத்துவிடக் கூடாது. மட்டை நின்றால் போகக் கூடாது. நிற்காவிட்டால் தைரியமாக நடக்கலாம். கிளாட்வினுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். படம் எடுக்கிற கிறுக்கில் விழுந்துவிடக் கூடாதே என்று, அக்கறையோடுதான் சொன்னேன்.

பங்குனியில் ஒரு நாள் தேடப் போவதென்று பேசிக்கொண்டோம். அதற்கு முந்தின சாயங்காலம் நான் மட்டும் போய் மட்டைகளைப் பிடுங்கி வரப்புக்குப் பின்னால் போட்டேன்.

காலையில் அவனைக் கூட்டிப்போய், "அந்தா, அந்தத் திட்டுலதான்" என்று காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, செல்போனை என்னிடம் தந்தான். "வச்சிருங்க அண்ணாச்சி, குனியும்போது விழுந்துரும்." மட்டை எங்கேயாவது நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்தான். பிறகு நடந்தான்.

இடுப்பு வரை போனபோது சிரித்தான். நெஞ்சு வரை போனதும், "அண்ணாச்சி, கயிறு இருக்கா?" என்று கேட்டான். ஸ்கூட்டரில் இருந்தது. கடைச் சரக்கு, நல்ல நைலான். நான் வரப்பில் உட்கார்ந்தேன். அவன் கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். அவன் சத்தத்துக்கு உள்ளான்கள் எழும்பி, ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி இறங்கின. எல்லாவற்றுக்கும் நெஞ்சு நன்றாகச் சிவந்திருந்தது. என் கையில் அவன் போன் அடித்தது. ஜெயபிரியா, அவன் மனைவி. அடித்து ஓய்ந்ததும் அதை அவன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மட்டைகளைப் பழையபடி ஊன்றிவிட்டுக் கடை திறக்க வந்துவிட்டேன். அப்போதும் அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். உப்பளத்து வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

மட்டை நின்றதைப் பார்த்து, மட்டையை மதிக்காமல் போயிருக்கிறான் என்று ஊர் சொன்னது. நீங்களும் விபத்து என்று எழுதி மூடினீர்கள். கல்லறைத் தோட்டத்தில் ஜெயபிரியா இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். "அண்ணாச்சி, ஒங்களோடதான போறேன்னு சொன்னாவ?" என்று கேட்டாள். "கடையில ஆள் இல்லம்மா, நான் போகல" என்றேன். நம்பினாள்.

அதோடு முடிந்திருக்கும். நேற்று டீச்சர் குழுவில் எழுதிவிட்டார். 'இல்லாத குருவியைத் தேடிப்போய் ஒரு உயிர் போய்விட்டது. பொய்த் தகவல் போட்டவர் தன் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.' பிறகு என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் ஆரம்பித்த குழு அது.

அதனால்தான் நானாகவே வந்தேன். மட்டையைப் பிடுங்கியது நான். கயிறு இருந்தும் போடாதது நான். கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் நீங்கள் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் 'பார்க்காத குருவியைப் பார்த்ததாகச் சொல்லி' என்று ஒரு வரி வருகிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் பார்த்தேன், அய்யா. மூக்கு நுனி கரண்டி மாதிரி விரிந்திருந்தது. அந்த மாசியிலேயே நெஞ்சு சிவந்திருந்தது. கிளாட்வின்கூட என்னை நம்பித்தானே நடந்தான்.